"நான் செத்துட்டேன்": வீடியோ கேம்களில் நம் பாத்திரத்தின் சாவு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம் ஆடுகிறவர் யாருக்காவது பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனியுங்கள். "ஐயோ, செத்துட்டேன்" என்பார். "என் பாத்திரம் செத்துவிட்டது" என்று யாரும் சொல்வதில்லை. வண்டியில் யாராவது மோதினால் "என்னை இடிச்சுட்டான்" என்கிறோமே, அதுபோலத்தான். கையில் இருப்பது நாமாகிவிடுகிறது.

நாம் பட்டனை அழுத்தி நடத்திப் போகும் ஆள் சாகும்போது கேம்கள் அதை எப்படிக் காட்டுகின்றன, ஏன் அப்படிக் காட்டுகின்றன என்று நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நாம் சுட்டுத் தள்ளும் எதிரிகளைப் பற்றிய பக்கம் அல்ல இது. பல கேம்களின் முடிவுகளை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் ஆடப் போகிற கேமின் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

"மூணு லைஃப்" என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

காசிலிருந்து. வீடியோ கேமுக்கு முன்பே இருந்த பின்பால் இயந்திரத்தில் ஒரு காசு போட்டால் இத்தனை பந்து என்று கணக்கு. பந்து குழிக்குள் போனால் அடுத்த பந்து. எல்லாம் போனால் ஆட்டம் முடிந்தது. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் பந்தின் இடத்துக்குப் பீரங்கி வந்தது. மூன்று பீரங்கிகள். மூன்றும் வெடித்துப் போனாலோ, வேற்றுக்கிரகவாசிகள் தரையைத் தொட்டுவிட்டாலோ அடுத்த காசு போட வேண்டும்.

இயந்திரத்தை வைத்திருக்கும் கடைக்காரருக்கு நீங்கள் சீக்கிரம் சாக வேண்டும். ஆனால் அநியாயமாகச் செத்தோம் என்று தோன்றினால் நீங்கள் அடுத்த காசு போட மாட்டீர்கள். "என் தப்புதான், இன்னொரு தடவை பார்க்கலாம்" என்று தோன்ற வேண்டும். அந்தக் காலத்துச் சாவு முழுக்க இந்த அளவுகோலில் செய்யப்பட்டது. 1988இல் வந்த நிஞ்சா கெய்டன் ஆர்கேடு (காசு போட்டு ஆடும்) இயந்திரத்தில் செத்தவுடன் ஒரு காட்சி வரும். நாயகன் கட்டிப்போடப்பட்டுக் கிடப்பான், மேலேயிருந்து வட்ட ரம்பம் சுழன்றபடி இறங்கும், திரையில் எண்கள் ஒவ்வொன்றாகக் குறையும். காசு போட்டால் பிழைப்பான். பையில் காசில்லாத பையன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எனக்கு அது இன்றும் கொடுமையாகப் படுகிறது.

1985இல் வீட்டு டிவிக்கு வந்த சூப்பர் மாரியோவில் காசு போடும் துளை இல்லை. ஆனாலும் மூன்று லைஃப். இயந்திரம் போய்விட்டது, கணக்கு மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஆரம்பகால கேம்கள் சாவை எப்படி வரைந்தன?

நான்கைந்து புள்ளிகளால் வரைந்த ஆளுக்கு முகபாவம் வைக்க முடியாது. அந்தக் குறுகிய இடத்திலும் கலைஞர்கள் யோசித்திருக்கிறார்கள். 1980இல் நாம்கோவின் டோரு இவாடானி உருவாக்கிய பேக்மேனை, துரத்தி வரும் பேய் எட்டிப் பிடித்ததும் அதன் வாய் விரிந்து விரிந்து, கடைசியில் உடம்பே இல்லாமல் போய்விடும். கூடவே சுருதி இறங்கிக்கொண்டே போகும் ஒரு ஓசை. தின்பதற்காகவே இருந்த ஒன்று தன் வாயாலேயே இல்லாமல் போகிறது. 1981இன் டாங்கி காங்கில் மாரியோ சுழன்று விழுவார், தலைமேல் ஒளிவட்டம் வரும். சூப்பர் மாரியோவில் அவர் நம்மை நேராகப் பார்த்து ஒரு துள்ளு துள்ளி, திரைக்குக் கீழே விழுந்து மறைவார். பொம்மலாட்டத்தில் பொம்மையைக் கீழே இறக்கிக்கொள்வது போல இருக்கும். அதனால்தான் அதைப் பார்த்து எந்தக் குழந்தையும் பயந்ததில்லை.

1980இல் அட்டாரி வெளியிட்ட மிஸைல் கமாண்டு மட்டும் வேறு மாதிரி. அதில் நமக்கு உருவமே கிடையாது. ஏவுகணைகளிடமிருந்து ஆறு நகரங்களைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆறும் அழிந்தபின் "ஆட்டம் முடிந்தது" என்ற வழக்கமான அறிவிப்பு வராது. வெடிப்பின் நடுவில் "முற்றும்" என்ற பொருளில் "தி எண்ட்" என்று வரும். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுகுண்டுகளை நீட்டிக்கொண்டிருந்த நேரம். அதை உருவாக்கிய டேவ் தியூரருக்கு அணுகுண்டு வெடிக்கும் கனவுகள் வந்துகொண்டே இருந்ததாம்.

செத்து மறுபடி வருவது வீடியோ கேம் கண்டுபிடித்த விஷயமா?

இல்லவே இல்லை. தாயத்தில் வெட்டுப்பட்ட காய் மறுபடி முதலிலிருந்து ஏறி வருகிறது. இன்னும் துல்லியமான உதாரணம் கபடி. அதில் மூன்று மரபான முறைகள் உண்டு. சஞ்சீவினி முறையில் நாம் எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால், அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவர் உயிர்பெற்று உள்ளே வருவார். காமினி முறையில் வெளியே போனவர் போனவர்தான், அணி முழுதும் அவுட் ஆகும்வரை திரும்பி வர முடியாது. அமர் முறையில் தொடப்பட்டவர் வெளியே போகவே மாட்டார், எதிரணிக்குப் புள்ளி மட்டும் ஏறும்.

பப்ஜியில் தோழனை எழுப்பிவிடுவது, ஒரே உயிரோடு ஆடும் கேம்கள், சாவே இல்லாமல் மதிப்பெண் மட்டும் குறையும் கேம்கள் என்று இன்றைய வீடியோ கேம்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் அடங்கும். டிவியில் நாம் பார்க்கும் கபடி சஞ்சீவினி வழி வந்தது. மருந்துமலையின் பெயரை ஆட்ட விதிக்கு வைத்தவர்களுக்கு, உயிர் என்பது ஆட்டத்தில் கொடுத்து வாங்கும் பொருள் என்று தெளிவாகவே தெரிந்திருக்கிறது.

லைஃப் அதிகமானால் சாவின் மதிப்பு குறையுமா?

குறையும். கான்ட்ரா ஆடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிவியில் செருகி ஆடும் கேம் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது கூட வந்த கேசட்டில் அதுவும் இருந்தது. ஒரு குண்டு பட்டால் சாவு. மூன்று லைஃப். நானும் அண்ணனும் ஆடும்போது என் லைஃப் எல்லாம் தீர்ந்தால் அண்ணனுடையதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதைக் கேட்காமல் எடுத்தால் சண்டை வரும். கேட்டு வாங்கினால் அடுத்த ஐந்து நிமிடம் மிகக் கவனமாக ஆடுவேன், அது அண்ணன் கொடுத்த உயிர் அல்லவா.

பிறகு யாரோ ஒரு பையன் அந்தச் சங்கேதத்தைச் சொல்லிக்கொடுத்தான்: மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ. கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ கிரேடியஸ் கேமை 1986இல் வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்க அது தனக்கே கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. கான்ட்ராவில் அதை அழுத்தினால் 30 லைஃப். கேமை முடித்துவிட்டோம். ஆனால் அதற்குப் பிறகு எங்களில் யாரும் யாரிடமும் ஒரு லைஃப் கேட்டதில்லை.

ஒரே ஒரு உயிரோடு ஆடும் கேம்களை ஏன் இவ்வளவு பேர் விரும்புகிறார்கள்?

1980இல் பல்கலைக்கழகக் கணினிகளில் பரவிய ரோக் என்ற கேமிலிருந்து தொடங்க வேண்டும். எழுத்துகளாலேயே வரைந்த பாதாள அறைகள். செத்தால் உங்கள் ஆளைச் சேமித்து வைத்த கோப்பும் போய்விடும். திரையில் ஒரு கல்லறை தோன்றும். அதில் உங்கள் பெயர், சேர்த்த தங்கம், எது கொன்றது என்ற விவரம், ஆண்டு. ஒரு கேம் சாவைப் பதிவு செய்தது என்று சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கல்லறைதான். அதுவரை சாவு என்பது ஒரு லைஃப் குறைவது. இங்கேதான் ஒருவர் வாழ்ந்தார், இதனால் செத்தார் என்று எழுதப்படுகிறது.

அதன் வழியில் 1987இல் வந்த நெட்ஹேக் இன்னும் ஒரு படி போனது. நீங்கள் செத்த தளத்தைக் கேம் சில சமயம் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு எப்போதோ நீங்களோ, அதே கணினியில் ஆடும் வேறொருவரோ அந்த ஆழத்துக்கு வரும்போது அங்கே உங்கள் பழைய ஆளின் ஆவி நிற்கும். பக்கத்தில் அவன் வைத்திருந்த வாளும் கவசமும் கிடக்கும். பல பொருள்கள் சாபம் பிடித்திருக்கும். எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்குவீர்கள். அவனைக் கொன்றது எதுவோ அதுவும் அங்கேதான் எங்கேயோ இருக்கிறது.

இந்த வகைக் கேமை விரும்புகிறவர்கள் துன்பத்தை விரும்புகிறவர்கள் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். போனால் வராது என்று தெரியும்போது ஒவ்வொரு கதவையும் திறக்கும் முன் யோசிக்கிறோம். அந்த யோசனைதான் அவர்களுக்குப் பிடிக்கிறது.

சாவே இல்லாத கேம்கள் உண்டா?

உண்டு. அது ஒரு பெரிய விவாதமாகவே நடந்தது. 1984இல் கிங்ஸ் குவெஸ்ட்டை வெளியிட்ட சியரா நிறுவனத்தின் அட்வென்ச்சர் கேம்களில், அதாவது புதிர்களை விடுவித்துக் கதையை நகர்த்தும் கேம்களில், தப்பான இடத்தில் கால் வைத்தால் சாவு. கூடவே ஒரு கேலி வாசகமும் வரும். லூகாஸ்ஃபிலிமில் வேலை பார்த்த ரான் கில்பர்ட் 1989இல் இதை எதிர்த்து ஒரு கட்டுரை எழுதினார். செத்துச் செத்து விடையைக் கண்டுபிடிப்பது புதிரே அல்ல என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்த மங்கி ஐலண்டில் நாயகன் கிட்டத்தட்டச் சாகவே மாட்டான். ஒரே ஒரு வழி உண்டு. தன்னால் பத்து நிமிடம் மூச்சடக்க முடியும் என்று அவன் சொல்லிக்கொள்வான். நீருக்கடியில் அவனை நிஜமாகவே பத்து நிமிடத்துக்கு மேல் விட்டுவைத்தால் செத்துப்போவான். செய்யக்கூடிய செயல்களின் பட்டியலில் மிதப்பதும் ஊதிப்போவதும் போன்ற சொற்கள் வந்துவிடும்.

அந்த விவாதத்தில் நான் கில்பர்ட் பக்கம்.

செத்த ஆள் எப்படி மறுபடி வருகிறான்? கேம்கள் இதற்குக் காரணம் சொல்கின்றனவா?

பெரும்பாலானவை சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. வைஸ் சிட்டியில் சுடப்பட்டு விழுந்தால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்போம், துப்பாக்கிகளும் கொஞ்சம் பணமும் போயிருக்கும், வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவோம்.

காரணம் சொல்ல முயன்றவை எனக்கு மிகவும் பிடித்தவை. 2003இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சேண்ட்ஸ் ஆஃப் டைம் முழுவதையும் இளவரசனே கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நாம் பள்ளத்தில் விழுந்து செத்தால், "இல்லை, அப்படி நடக்கவில்லை" என்று குரல் வரும், கதை பின்னுக்குப் போகும். நம் சாவு கதைசொல்லியின் வாய்தவறலாகிவிடுகிறது. பாட்டி கதை சொல்லும்போது ராஜாவைத் தவறுதலாகச் சாகடித்துவிட்டு, "இரு இரு, அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு" என்று திருத்துவதைக் கேட்டிருக்கிறோம் அல்லவா.

2020இல் வந்த ஹேடீஸில் நாயகன் சாக்ரியஸ் கிரேக்கப் புராணத்தின் பாதாள தேவனுடைய மகன். பாதாளத்திலிருந்து தப்பி ஓட முயல்கிறான். செத்தால் ஸ்டிக்ஸ் ஆற்று நீரில் மிதந்து வந்து வீட்டுக் கூடத்தில் எழுவான். உறக்கத்தின் தேவன் ஹிப்னாஸ் ஒரு பட்டியலைப் பார்த்து, இந்த முறை எதனால் செத்தாய் என்று சொல்லி ஒரு யோசனையும் தருவான். சாவது என்றால் வீடு திரும்புவது. வீட்டில் பேச ஆட்கள் இருக்கிறார்கள், கதை அங்கேதான் நகர்கிறது. செத்ததற்காக வருந்தாமல், "சரி, அப்பாவிடம் என்ன பேச்சு வரப் போகிறது பார்ப்போம்" என்று நினைக்க வைத்த கேம் எனக்கு இது ஒன்றுதான்.

2019இன் செகிரோ இதற்கு நேர் எதிர்த்திசை. நாயகனுக்கு உயிர்த்தெழும் வரம் உண்டு. ஆனால் அவன் திரும்பத் திரும்பச் செத்து எழும்போது அவனுக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக இருமத் தொடங்குகிறார்கள், நோய் பரவுகிறது. நம் உயிருக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். ஒரு கிழவி இருமும் சத்தத்தைக் கேட்டபின் நான் ஆடிய விதமே மாறிவிட்டது.

டார்க் சோல்ஸில் சிவப்பு எழுத்தில் "நீ செத்தாய்" என்று வருமே, அதில் அப்படி என்ன சிறப்பு?

ஃபிரம்சாஃப்ட்வேரின் ஹிடேடாகா மியாசாகி இயக்கிய டெமன்ஸ் சோல்ஸ் 2009இலும், டார்க் சோல்ஸ் 2011இலும் வந்தன. கடினமான கேம்கள் என்று பெயரெடுத்தவை. ஆனால் கடினம் என்பது அவற்றின் மேல்தோல்.

செத்தால் அதுவரை சேர்த்த ஆன்மாக்கள் (அந்தக் கேம்களில் காசு மாதிரி) அத்தனையும் செத்த இடத்திலேயே விழுந்து கிடக்கும். கடைசியாக இளைப்பாறிய தீமூட்டத்தில் எழுந்து மறுபடி நடந்து போய் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். போகும் வழியில் மறுபடி செத்தால் பழையவை என்றென்றைக்கும் போயின. அதாவது உங்கள் சாவுக்கு ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கு நீங்களே திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.

அது மட்டுமல்ல. இணையத்தோடு ஆடினால் தரையில் ஆங்காங்கே ரத்தக்கறைகள் தெரியும். தொட்டால் ஒரு செந்நிற நிழலுருவம் எழுந்து ஓடும், திரும்பும், அடிபட்டு விழும். உலகத்தில் எங்கேயோ யாரோ ஒருவர் அதே இடத்தில் செத்த கடைசி விநாடிகள் அவை. பெயர் தெரியாத ஒருவரின் தப்பு உங்களுக்கு எச்சரிக்கையாகிறது. ஒரு வாசலுக்கு முன்னால் பத்துக் கறைகளைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் தேவையில்லை.

கதையும் இதோடு ஒட்டி நிற்கிறது. டார்க் சோல்ஸ் உலகத்தில் சாக முடியாத சாபம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். நோக்கத்தை இழந்தவர்கள் அறிவு மங்கிக் கூடாகிவிடுவார்கள். வழியில் நாம் சந்தித்துப் பேசிய நல்லவர்கள் சிலர் அப்படி ஆவதைப் பார்க்கிறோம். நாம் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு இனி ஆடவே மாட்டேன் என்று எழுந்தால் நம் ஆளுக்கும் அதே கதிதான். அந்தக் கேமில் உண்மையான சாவு நம் கைவிடல். ஆடுகிறவரையும் ஆடப்படுகிறவரையும் ஒரே நூலில் இவ்வளவு இறுக்கிக் கட்டிய வேறு கேமை நான் பார்க்கவில்லை.

திரும்பி வராத சாவு? கதையிலேயே செத்துப்போகும் பாத்திரங்கள்?

பலருக்கு முதல் காயம் 1997இன் ஃபைனல் ஃபேன்டஸி 7. முதல் சிடியின் கடைசியில் ஏரித் கொல்லப்படுகிறாள். அதுவரை அவள் நம் அணியில் இருந்தவள். அவளுக்குத் தடி வாங்கிக் கொடுத்தோம், மந்திரங்கள் பழக்கினோம். அந்தக் கேமில் சண்டையில் விழுந்தவரை எழுப்ப ஃபீனிக்ஸ் டவுன் என்ற பொருள் உண்டு. பையில் நிறைய இருக்கும். "அதை ஏன் அவளுக்குக் கொடுக்கவில்லை?" என்று ஆடியவர்கள் எல்லோரும் கேட்டார்கள். சண்டையில் விழுவது மயக்கம், கதையில் விழுவது சாவு என்பதுதான் தர்க்கமான விடை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்குத் தர்க்கம் தேவைப்படவில்லை. நேற்றுவரை வேலை செய்த மருந்து இன்றைக்கு வேலை செய்யவில்லை என்று நிற்பவர்களின் கேள்வி அது.

2007இன் கால் ஆஃப் டூட்டி 4இல் ஒரு கட்டம். நாம் ஜாக்சன் என்ற அமெரிக்க வீரன். அணுகுண்டு வெடித்து, ஹெலிகாப்டர் விழுந்து, கண் விழிக்கிறோம். தவழ முடிகிறது. எழுந்து சில அடி தள்ளாட முடிகிறது. சுட எதுவும் இல்லை, போக இடமில்லை. கேம் நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. தப்பிக்க வழி இருக்கும் என்று பழக்க தோஷத்தில் தேடுவோம். தேடிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். தோற்றாய் என்ற அறிவிப்பும் கிடையாது.

2010இன் ஹேலோ ரீச்சின் கடைசிக் கட்டத்தில் ஒரே குறிக்கோள்தான் தரப்படும்: உயிரோடு இரு. அது முடியாது. எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள், தலைக்கவசக் கண்ணாடியில் விரிசல் கூடிக்கொண்டே போகும். எவ்வளவு திறமையாக ஆடினாலும் அந்த முடிவுதான் என்று தெரிந்தபின்னும் எல்லோரும் முழு மூச்சாக ஆடுகிறோம்.

பெயர் வைத்தால் மட்டும் ஏன் வலிக்கிறது?

1993இல் வந்த கேனன் ஃபாடர் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. சின்னஞ்சிறு சிப்பாய்கள், ஒவ்வொருவருக்கும் பெயர். கட்டங்களுக்கு நடுவே ஒரு பச்சை மலைச்சரிவு வரும். புதிதாகச் சேர வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். செத்த ஒவ்வொருவனுக்கும் அந்தச் சரிவில் ஒரு கல்லறை முளைக்கும். கேம் நீள நீளப் பச்சை குறைந்துகொண்டே போகும். முதல் இருவரான ஜூல்ஸையும் ஜாப்ஸையும் அன்று ஆடியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

1990இல் தொடங்கிய ஃபயர் எம்பளம் வரிசையை மரபான முறையில் ஆடினால் போரில் வீழ்ந்த தோழர் திரும்ப மாட்டார். ஒருவர் செத்துவிட்டார் என்பதற்காக ஒரு மணி நேர ஆட்டத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குபவர்கள் ஏராளம். 2012இன் எக்ஸ்காமில் சிப்பாய்களுக்கு நாமே பெயர் வைக்கலாம், முகாமில் நினைவுச்சுவர் உண்டு. நண்பர்களின் பெயரை வைக்காதீர்கள் என்பது என் அனுபவ ஆலோசனை.

2016இன் பேட்டில்ஃபீல்ட் 1 முதல் உலகப் போரில் தொடங்குகிறது. நாம் செத்ததும் திரையில் ஒரு பெயரும் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் வரும். உடனே களத்தில் வேறொரு வீரனாகிறோம். அவனும் சாவான், அவன் பெயரும் வரும். ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தால் வயது தெரியும். அந்தத் தொடக்கப் பகுதியை மட்டும் நான் பலருக்கு ஆடக் கொடுத்திருக்கிறேன்.

சாவுத் திரையையே வைத்து ஏமாற்றிய கேம் உண்டு என்கிறார்களே?

2004இன் மெட்டல் கியர் சாலிட் 3. ஓர் ஆற்றில் நடக்கிறோம். அதுவரை நாம் கொன்றவர்களின் ஆவிகள் எதிரே வந்துகொண்டிருக்கும். நிறையக் கொன்றிருந்தால் ஆறு நீளும். கடைசியில் நாமும் சாவோம், வழக்கமான சாவுத் திரை வரும். அந்தத் திரையிலேயே உயிர்ப்பிக்கும் மாத்திரையைச் சாப்பிட்டால்தான் எழ முடியும்.

கேம் நம் சேமிப்பையே அழித்துவிடுமா?

சில கேம்கள் அழிக்கும். 2002இல் கேப்காம் வெளியிட்ட ஸ்டீல் பட்டாலியனில் நாம் ஓட்டும் போர் இயந்திரம் வெடிக்கும் முன் வெளியேறும் பட்டனை அழுத்தத் தவறினால் அதை ஓட்டுபவர் சாவார், சேமித்ததும் போகும்.

ஆனால் இதில் நான் நின்று பேச விரும்புவது நியர் கேம்களைப் பற்றி. 2010இன் நியரில் ஒரு முடிவில், அன்புக்குரிய ஒருத்தியைக் காப்பாற்ற நாயகன் தான் இருந்ததற்கான சுவடே இல்லாமல் போகச் சம்மதிக்கிறான். நாம் ஒப்புக்கொண்டால் கேம் நம் கண்முன்னே நம் சேமிப்பை அழிக்கும். 2017இன் நியர்: ஆட்டோமாட்டாவில் கடைசி முடிவு இன்னும் ஆழமானது. உருவாக்கியவர்களின் பெயர்ப்பட்டியல் ஓடும்போது அந்தப் பெயர்களே நம்மைச் சுடுகின்றன. சாகிறோம். மறுபடி சாகிறோம். தாங்க முடியாத கட்டத்தில் உதவி வரும். வேறு நாடுகளில் ஆடும் முகம் தெரியாதவர்கள் நம்மைச் சுற்றி நின்று குண்டுகளைத் தாங்குவார்கள். ஒவ்வொன்றாக அழியும்போது, இன்னாருடைய சேமிப்பு அழிந்தது என்று ஒரு வரி வரும். முடிந்தபின் கேம் நம்மைக் கேட்கும்: உனக்குத் தெரியாத ஒருவருக்கு இப்படி உதவ, நீ இதுவரை சேர்த்த எல்லாவற்றையும் தருவாயா? அவர் உனக்குப் பிடிக்காதவராகவும் இருக்கலாம்.

நான் தந்தேன். பல வாரங்களின் ஆட்டம் வரிவரியாகத் திரையில் அழிந்ததைக் கடைசிவரை பார்த்தேன். என் பெயர் யாருக்காவது துணை நின்றதா என்று எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை.

பப்ஜியில் செத்தவர் பெட்டியாகிவிடுகிறாரே, அதுவும் ஒரு சித்திரிப்புதானா?

ஆம், மிகவும் பரவலானதும் அதுதான். முதலில் அடிபட்டு விழுந்து, அதாவது நாக் ஆகித் தவழ்வோம், "ரிவைவ் பண்ணுடா" என்று கத்துவோம். தோழன் வராவிட்டால் நாம் ஒரு பெட்டி. மனிதன் அவன் சுமந்த பொருள்களாகச் சுருங்கிவிடுகிறான். எனக்கு இதில் ஒரு வறுமை தெரிகிறது.

சில நாடுகளின் விதிகளும் இந்தச் சித்திரிப்பை மாற்றியிருக்கின்றன. 2019இல் சீனாவில் வந்த பதிப்பில் சுடப்பட்டவர் மண்டியிட்டு, பெட்டியை நீட்டி, கையசைத்து விடைபெறுவார். இந்தியாவுக்கென 2021இல் வந்த பதிப்பில் "கில்" என்பது "ஃபினிஷ்" ஆனது, ரத்தம் பச்சையானது. இது பழைய கதையும்கூட. கான்ட்ரா ஐரோப்பாவுக்குப் போனபோது மனிதர்களை எடுத்துவிட்டு ரோபோக்களை வைத்துப் புரோபோடெக்டர் என்று பெயர் மாற்றினார்கள்.

கோரமாகக் காட்டினால் சாவு உண்மையாகத் தெரியுமா?

தெரியாது என்பது என் கருத்து. 2013இன் டூம் ரெய்டரில் லாரா கம்பியில் குத்துப்பட்டுச் சாவதை மிக நுணுக்கமாகக் காட்டினார்கள். முதல் தடவை அதிர்ந்தேன். நாலாவது தடவை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். அடுத்த நொடி அவள் எந்தக் காயமும் இல்லாமல் நிற்கிறாள் என்றால் அந்த ரத்தம் எதையும் சொல்லவில்லை. நெட்ஹேக்கின் ஆவி ஒற்றை எழுத்தோ குறியோதான். அது தங்குகிறது.

என் பிள்ளை கேமில் செத்தால் அழுகிறான். கவலைப்பட வேண்டுமா?

தோற்றதற்காக அழுகிறானா, அந்தப் பாத்திரத்துக்காக அழுகிறானா என்று முதலில் கேளுங்கள். முதலாவது என்றால், 2018இல் வந்த செலெஸ்ட் போன்ற கேமைக் கொடுத்துப் பாருங்கள். செத்த மறுகணமே எழலாம். எத்தனை முறை செத்தாய் என்று எண்ணிவைத்து, அது நீ கற்றுக்கொண்டதன் கணக்கு, பெருமைப்படு என்று அந்தக் கேமே சொல்லும். இரண்டாவது என்றால் பக்கத்தில் உட்காருங்கள். "அது வெறும் கேம்தானே" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நாம் சாகும்போது சிரிக்கிறோமே, ஏன்?

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பின்லாந்தில் நிக்லஸ் ரவாயாவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு ஜேம்ஸ் பாண்ட் கேம் ஆடியவர்களின் முகத்தசைகளைப் பதிவு செய்தார்கள். தன் ஆள் செத்தபோது புன்னகைத் தசைகளின் இயக்கம் கூடியது, நெற்றி சுளிக்கும் தசையின் இயக்கம் குறைந்தது. எதிரியைக் கொன்றபோது புன்னகைத் தசைகள் அடங்கின. இறுகிப் பிடித்திருந்தது தளர்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். நண்பர்கள் கூட்டத்தில் யாராவது சாகும்போது அந்த அறையைப் பாருங்கள், சிரிப்பு வெடிக்கும்.

ஒரே ஒரு கேம் ஆடத்தான் நேரம் இருக்கிறது. எதை ஆடட்டும்?

பாசேஜ். ஜேசன் ரோரர் 2007இல் செய்தது. கணினியில் இலவசம். ஐந்தே நிமிடம். படம் 100 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம், ஒரு கீற்றுப் போல இருக்கும். ஓர் இளைஞன் இடது ஓரத்தில் நிற்பான், வலப்பக்கம் நடக்கலாம். கொஞ்ச தூரத்தில் ஒரு பெண் நிற்பாள். அவளைத் தொட்டால் துணையாக வருவாள். அதன்பின் இருவர் நுழைய முடியாத இடுக்குகளில் இருக்கும் பெட்டிகள் உங்களுக்குக் கிடைக்காது. தனியாகப் போனால் கிடைக்கும். எது சரி என்று கேம் சொல்வதில்லை.

நடக்க நடக்கத் தலை நரைக்கும், முதுகு வளையும். தொடக்கத்தில் முன்னால் மங்கலாகத் தெரிந்த வருங்காலம் சுருங்கி, நடந்து வந்த பாதை பின்னால் சுருண்டு சேரும். ஒரு கட்டத்தில் அவள் நின்ற இடத்தில் சின்னக் கல்லறை இருக்கும். அதன்பின் உங்கள் நடை மிகவும் மெதுவாகிவிடும். பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் கூடாது. இரண்டாவது லைஃப் இல்லை.

முதல் தடவை ஆடும்போது இசையைக் கேட்கும்படி வையுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். நான் முதலில் ஆடியபோது அந்தக் கல்லறையைத் தாண்டிப் போக மனமில்லாமல், மிச்ச நேரம் முழுவதும் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.